தவளையின் நெருக்கீடு: ஓமோன் அளவீட்டின் வரலாறும் கரம்பொன் மண்ணும்

ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள கரம்பொன் என்னும் சிற்றூரைத் தமிழுலகு தனிநாயக அடிகளாரின் பிறந்தகமாகவே பெரிதும் அறியும். 1913ஆம் ஆண்டு பிறந்த அடிகளார், பண்டைத் தமிழ்க் கவிதையிலே இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூலெழுதியவர். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அந்நிலத்துக்குரிய மாவும் புள்ளும் மரமும் கருப்பொருள் எனவும் நம் முன்னோர் வகுத்த நெறியைப் பிறநாட்டறிஞரும் உணருமாறு எடுத்துக்காட்டியவர். அந்நெறி நம்மை ஒரு வினாவுக்கு இட்டுச் செல்கின்றது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் மாறுபட்டால் கருப்பொருளாகிய உயிருக்கு என்ன நேரும்? அம்மாற்றத்தை அவ்வுயிர் அழிந்தொழியுமுன்னரே நாம் அறிந்துகொள்ள வழியுண்டா? இவ்வினாக்களுக்கு உயிரியலார் தேடிய விடைகளுள் ஒன்று, தவளை, தேரை முதலாய ஈரூடகவாழிகளின் உடலிலே ஊறும் நெருக்கீட்டு ஓமோனை அளந்தறிதலாகும். அவ்வளவீடு வளர்ந்த வரலாற்றையும், தீவகம் போன்றதொரு நிலத்துக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் உயிரும்

கரம்பொன் அமைந்துள்ள வேலணைத் தீவைத் தம் நாட்டு நகரொன்றின் நினைவாக 'லைடன்' என்று ஒல்லாந்தர் அழைத்தனர். இத்தீவில் ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணக்கற் படுகையின்மேல் மெல்லிய மண் போர்த்த தாழ்நிலமே இது. வடகீழ்ப் பருவக் காற்று கொணரும் மாரி மழையே நிலத்தினுட் சென்று, கனங்கூடிய உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகின்றது. கிணறும் துரவும் பூவலும் தருவது இந்நீரையே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். ஆகவே இங்கு வாழும் மனிதருக்கும் விலங்குக்கும் நீரைப் பற்றிய கவலை பொதுவானது.

தவளைக்கோ அக்கவலை தோலளவில் உள்ளது. அது நீரை வாயாற் பருகுவதில்லை, தோலினூடாகவே உறிஞ்சுகின்றது. மூச்சின் ஒரு பகுதியும் தோல்வழியே நிகழ்கின்றது. எனவே நீரிற் கரைந்துள்ள உப்பும் நஞ்சும் அதன் உடலுட் புகுவதற்குத் தடை மிகக் குறைவு. தென்கிழக்காசியக் கரையோரங்களில் நண்டுண்ணித் தவளை என ஓரினம் உவர்நீரைத் தாங்கி வாழ்வதை 1961இல் அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டனர். அஃதொரு விதிவிலக்கு. நம் வயலிலும் கிணற்றிலும் காணும் இனங்கள் நன்னீரையே நம்பியிருப்பவை.

நம்முடைய வழக்கு மொழி இவ்வுயிர்களை நன்கு அறிந்து வைத்திருக்கின்றது. ஓயாது பேசுவோரை மாரித்தவளைக்கு ஒப்பிடுகின்றோம். குறுகிய நோக்குடையோரைக் கிணற்றுத்தவளை என்கின்றோம். மணலினுள் மறைந்து கிடந்தும் தன் குரலாலேயே அகப்பட்டுக்கொள்ளும் நுணலைப் பற்றிய பழமொழி கற்றாரும் மற்றோரும் அறிந்தது. ஆயின் குரலெழுப்பாது கிடக்கும் தவளையின் நிலையை அறிவதற்குப் பழமொழி உதவாது. அதற்கு வேறொரு கருவி வேண்டியிருந்தது.

தவளை கருவியாயிருந்த காலம்

உடற்றொழிலியலின் வரலாற்றிலே தவளை நெடுங்காலம் ஆராய்ச்சியின் பொருளாக இருந்ததிலும் பார்க்க அதன் கருவியாகவே இருந்தது. இத்தாலிய அறிஞர் கல்வானி 1791இல் வெளியிட்ட மின்னாய்வுகள் தவளைக் கால்களைக் கொண்டு செய்யப்பட்டவை. 1905இல் ஏணஸ்ற் ஸ்ராலிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் 'ஓமோன்' என்ற சொல்லை அறிமுகஞ்செய்தார். குருதிவழியே சென்று தொலைவிலுள்ள உறுப்பை இயக்கும் இரசாயனத் தூதினையே அவர் அவ்வாறு குறித்தார். 1912இல் குடர்நாட்சு என்பவர் வாற்பேய்களுக்குத் தைரொயிட்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்தபோது, அவை காலத்துக்கு முந்தியே உருமாறிச் சிறுதவளைகளாயின. ஓர் உயிரின் வளர்ச்சிப் பருவத்தையே ஓமோன் ஆளுகின்றதென்பதற்கு இது கண்கூடான சான்றாயிற்று. 1921இல் ஒற்றோ லோவி, ஒரு தவளையின் இதயத்தைத் தோய்த்த திரவத்தை மற்றொரு தவளையின் இதயத்துக்கு மாற்றி, நரம்பின் கட்டளை இரசாயனப் பொருளாலேயே கடத்தப்படுகின்றதென நிறுவினார். 1936இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது லான்சலொட் கொக்பெனின் பணியாகும். தென்னாபிரிக்காவின் கேப்ரவுணில் பணியாற்றிய அவர், காளையின் கபச்சுரப்பிச் சாற்றை அந்நாட்டு நகத்தவளைக்குச் செலுத்தியபோது அது முட்டையிடுவதைக் கண்டு 1930இல் அறிவித்தார். அதனை அடியாகக் கொண்டு சப்பீரோ, சுவாரன்சைன் ஆகியோர் 1930களின் நடுப்பகுதிக்குள் கருவுற்றலை அறியும் சோதனையொன்றை அமைத்தனர். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்குச் செலுத்துவர்; ஒரு நாளுக்குள் அது முட்டையிட்டால் அப்பெண் கருவுற்றிருக்கிறாள் என்பது முடிவு. 1960கள்வரை பல நாடுகளின் மருத்துவமனைகளில் இம்முறை வழக்கிலிருந்தது. மனிதரின் சிறுநீரைத் தவளைக்குட் செலுத்தி மனிதரின் நிலையை அறிந்த காலம் அது. தவளையின் சிறுநீரை எடுத்துத் தவளையின் நிலையை அறியும் எண்ணம் தோன்றுவதற்கு இன்னும் பல்லாண்டுகள் செல்லவேண்டியிருந்தன.

நெருக்கீடு என்னும் கருத்து

சிறுநீரகத்தை அடுத்துள்ள அதிரீனற் சுரப்பி பழுதுற்றால் உயிருக்கு இடர் நேரும் என்பதை 1855இலேயே தோமசு அடிசன் எடுத்துக்காட்டினார். அச்சமும் சினமும் உண்டாகும் கணத்தில் இச்சுரப்பி அதிரீனலினை வெளிவிட்டு உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தப்படுத்துகின்றது என 1915இல் வால்ற்றர் கனன் விளக்கினார். நீடித்த துன்பத்தின் தன்மையை ஆராய்ந்தவர் கான்சு செல்யே. மொன்றியலில் எலிகளுக்குச் சூலகச் சாற்றைச் செலுத்திய அவர், அதிரீனற் சுரப்பி பெருத்தும் தைமசுச் சுரப்பி சுருங்கியும் இரைப்பையிற் புண்கள் தோன்றியும் இருக்கக் கண்டார். புதிய ஓமோனொன்றின் விளைவு இது என முதலில் நினைத்தார். பின்னர், குளிர், காயம், வேறு நஞ்சுகள் யாவும் அதே மாற்றங்களையே தோற்றுவித்தமையைக் கண்டு, தீங்கு எதுவாயினும் உடல் தரும் மறுமொழி பொதுவானது என்னும் முடிவுக்கு வந்தார். அவரது சிறு குறிப்பு 1936 யூலை 4ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பிற்காலத்தில் 'நெருக்கீடு' என நாம் வழங்கும் கருத்துக்கு அதுவே கால்கோளாகும்.

நெருக்கீட்டின்போது மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதி ஓர் ஓமோனை விடுக்க, அது கபச்சுரப்பியைத் தூண்டுகின்றது. கபச்சுரப்பி விடுக்கும் ஓமோன் அதிரீனற் கலங்களைத் தூண்டுகின்றது. அக்கலங்கள் மனிதரிற் கோட்டிசோலையும், பெரும்பாலான தவளை தேரைகளிற் கோட்டிகோசுத்தரோனையும் சுரக்கின்றன. தவளையில் இக்கலங்கள் தனிச் சுரப்பியாக அமையாது, சிறுநீரகத்தின் வயிற்றுப்புற மேற்பரப்பிலே மஞ்சள் நிறக் கீற்றாகப் படிந்துள்ளன. விலங்கியல் ஆய்வுகூடத்திலே தவளையையோ தேரையையோ வெட்டிப் பார்த்த மாணவர் பலர் அக்கீற்றைக் கண்டிருப்பர்.

இவ்வோமோனைத் தீமையின் அடையாளமாக மட்டும் கொள்வது தவறாகும். கலிபோணியாவின் வறண்ட நிலத்திலுள்ள மண்வெட்டிக்காற் தேரையின் வாற்பேய்களை றொபேட் டென்வர் ஆராய்ந்து 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட முடிவுகள் இதனை விளக்கும். குட்டை வற்றத் தொடங்கியதும் அவ்வாற்பேய்களின் பரிவகக்கீழ் நெருக்கீட்டு ஓமோனைத் தூண்ட, அது தைரொயிட்டோடு கூடி உருமாற்றத்தை விரைவுபடுத்துகின்றது. குட்டை முற்றாக வற்றுமுன் அவை கரையேறித் தப்புகின்றன. ஆயின் சிறிய உடலோடு தப்புகின்றன. நெருக்கீடு இங்கே பிழைக்கும் வழி; அதற்குரிய விலையும் உடன் செலுத்தப்படுகின்றது. மாரி முடிந்து வெள்ளம் வற்றும் தீவகத்துக் குட்டைகளைக் கண்டோருக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

அளக்கும் வழி பிறந்தமை

ஓமோன் உண்டென அறிதல் ஒன்று. அதன் அளவை அறிதல் வேறொன்று. குருதியில் அது நுண்ணளவினதாகவே உள்ளது. றோசலின் யாலோ, சொலமன் பேசன் ஆகிய இருவரும் 1950களின் இறுதியில் இன்சுலினை அளப்பதற்கென அமைத்த கதிர்த்தொழிற்பாட்டு முறையே இத்தடையை நீக்கியது. கதிர்வீசும் ஓமோனின் அறிந்த அளவொன்றையும் மாதிரியிலுள்ள ஓமோனையும் ஒரே பிறபொருளெதிரியோடு பிணையுமாறு போட்டியிடச் செய்தனர். மாதிரியில் ஓமோன் மிகுந்தால் கதிர்வீசும் ஓமோனுக்குக் கிடைக்கும் இடம் குறையும். அக்குறைவே அளவைச் சொல்லும். பேசன் 1972இல் மறைந்தார். யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். 1971இல் சுவீடனைச் சேர்ந்த எங்வால், பேள்மன் ஆகியோர் கதிர்வீச்சுக்குப் பதிலாக நொதியத்தின் நிறமாற்றத்தைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். அதன்பின் சிறிய ஆய்வுகூடங்களும் இவ்வளவீட்டை மேற்கொள்ளலாயின.

அழிவின் செய்தி

இவ்வாறு அளவுகோல் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அளக்கப்படவேண்டிய உயிர்கள் மறைந்துகொண்டிருந்தன. 1989இல் இங்கிலாந்தின் கன்ரபரியிற் கூடிய முதலாவது உலக மாநாட்டில், ஈரூடகவாழிகளையும் ஊர்வனவற்றையும் ஆராயும் அறிஞர்கள் தத்தம் நாடுகளில் தவளைகள் குறைந்துவருவதைக் கூறக்கேட்டுத் திடுக்கிட்டனர். கொசுத்தாரிக்காவின் பொன்னிறத் தேரை கடைசியாகக் காணப்பட்டதும் அவ்வாண்டிலேயே. 1998இல், தவளைகளின் தோலைப் பற்றி அவற்றைக் கொல்லும் பங்கசு ஒன்று கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் அதற்கு அறிவியற் பெயரிடப்பட்டது. கருவுற்றல் சோதனைக்கென உலகெங்கும் அனுப்பப்பட்ட நகத்தவளைகளும் அதன் பரவலுக்கு உதவியிருக்கலாம் என்னும் கருத்து 2004இல் முன்வைக்கப்பட்டது. அப்பங்கசின் பிறப்பிடம் கிழக்காசியா என 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. உலகின் ஈரூடகவாழி இனங்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளானது என 2004ஆம் ஆண்டு மதிப்பீடு கூறிற்று. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அப்பங்கு 40.7 வீதமாயிற்று.

இந்தியாவில் நிலைமை வேறொரு வகையில் வெளிப்பட்டது. தவளைக்கால் ஏற்றுமதி 1980களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு 4000 தொன்னுக்கும் மேற்பட்டிருந்தது. வயலிற் பூச்சிகளை உண்ணும் உயிரைப் பிடித்து விற்றுவிட்டுப் பூச்சிநாசினியை வாங்கும் நிலை எழுந்ததென்ற கண்டனங்களுக்கிடையே, 1987இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது.

இலங்கையில் ஈரூடகவாழி ஆய்வுக்கு நெடிய மரபுண்டு. இந்நாட்டிற் பிறந்த படை மருத்துவர் எட்வேட் கெலாட் 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1957இல் பேராசிரியர் கீர்த்திசிங்க 'இலங்கையின் ஈரூடகவாழிகள்' என்னும் பொருளில் நூலெழுதினார். 2002இல் மேகசும்புரவும் உடனாய்வாளரும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, இச்சிறு தீவு ஈரூடகவாழிகளின் பெருங்களஞ்சியம் என்பதை உலகுக்கு உணர்த்தியது. ஆயின் 2012ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியல் 111 இனங்களை மதிப்பிட்டு, அவற்றுள் 19 அற்றுப்போயின எனப் பதிந்தது. கெலாட் 1853இல் விபரித்து, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் காணப்படாதிருந்த மரத்தவளையொன்று 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டதென்பது இவ்விருளிடையே ஓர் ஆறுதல்.

பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று நம் வேளாண்மையோடு நேர்த் தொடர்புடையது. நம் நாட்டில் வழங்கிய குளோப்பைரிபொஸ், டைமெதொயேற்று, கிளைபொசேற்று, புரோப்பனில் ஆகிய நான்கு வேளாண் இரசாயனங்களை மரத்தவளை வாற்பேய்களிற் சோதித்தபோது, இறப்பும் வளர்ச்சித் தாமதமும் உடற்குறைபாடுகளும் காணப்பட்டன. குறைபாடு கண்ணுக்குத் தெரியுமுன்னரே உடலினுள் நிகழ்வதை அறிவதே அடுத்த படியாகும்.

குருதியிலிருந்து சிறுநீருக்கு

1997இல் அமெரிக்காவின் தென் கரோலைனாவில், நிலக்கரிச் சாம்பல் கலந்த நீர்நிலைகளருகே வாழ்ந்த தேரைகளின் குருதியில் கோட்டிகோசுத்தரோன் உயர்ந்திருப்பதை ஹொப்கின்சும் உடனாய்வாளரும் கண்டனர். தோற்றத்தில் நலமாயிருந்த விலங்கு அகத்தே துன்புற்றதை அளவீடு வெளிப்படுத்தியது. ஆயின் குருதி எடுப்பதில் இரு இடர்ப்பாடுகள் இருந்தன. பிடிபட்டவுடனேயே விலங்கு அஞ்சுவதால், ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குட் குருதியெடுக்காவிடில் அளவு பொய்த்துவிடும். மேலும், சிறு தவளையிடமிருந்து குருதியெடுத்தல் அதன் உயிருக்கே கேடாகலாம். அழிந்துவரும் இனத்தைக் காக்கும் பொருட்டு அதனைக் கொல்வது முரணன்றோ?

இவ்விடர்ப்பாட்டுக்கு விடை பசிபிக் தீவொன்றிலிருந்து வந்தது. 1936இல் கரும்புப் பூச்சிகளை ஒழிக்கவென்று பீஜித் தீவுகளுக்குக் கரும்புத் தேரை கொண்டுவரப்பட்டது. அக்கரும்புத் தோட்டங்கள், 1903 முதல் சென்னைத் துறைமுகத்தினூடாக ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழரும் பிற தென்னிந்தியரும் உழைத்த தோட்டங்களே. பூச்சி ஒழிந்ததோ இல்லையோ, உள்நாட்டு நிலத்தவளைக்குப் புதிய பகை வந்து சேர்ந்தது. எட்வேட் நாராயணும் உடனாய்வாளரும் 2010 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், பிடித்த தவளையின் வயிற்றை மெல்ல வருடிச் சிறுநீரைப் பெற்று, அதிலுள்ள கோட்டிகோசுத்தரோன் விளைபொருள்களை நொதிய முறையால் அளந்தனர். குருதியிற் போலன்றி, அச்சத்தின் விளைவு சிறுநீரிற் புலப்படச் சில மணித்தியாலங்கள் செல்லும். ஆகவே முதல் மாதிரி பிடிபடுமுன் இருந்த நிலையைக் காட்டும். கரும்புத் தேரையைக் கண்ணாற் கண்ட அளவிலேயே நிலத்தவளையின் ஓமோன் உயர்ந்தமையை அவர்கள் 2013இல் அறிவித்தனர். அதே காலப்பகுதியில், விலங்கை நீர்க்கலத்தில் சற்றுநேரம் இருக்கவிட்டு அந்நீரிற் கசியும் ஓமோனை அளக்கும் முறையும், பின்னர் தோலைப் பஞ்சினால் ஒற்றி அளக்கும் முறையும் வளர்ந்தன.

அளவுகோலின் எல்லை

புதிய கருவியைக் கண்டு மயங்குதலும் அறிஞர்க்கு நேர்வதே. ஓமோன் அளவு உயர்ந்திருப்பது எப்போதும் துன்பத்தைக் குறிப்பதில்லை. இரவெல்லாம் குரலெழுப்பித் துணைதேடும் ஆண் தவளையிலும் அது உயர்ந்திருக்கலாம். மறுதலையாக, நெடுநாட் துன்புற்ற விலங்கு புதிய அதிர்ச்சிக்குக் குறைந்த மறுமொழியே தருவதும் உண்டு. வாகன இரைச்சல் அமெரிக்கக் காட்டுத்தவளையின் ஓமோனை உயர்த்தித் துணையை நாடிச் செல்லும் வழியையும் குழப்புகின்றதென 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வுக்குழு 2018இல் வெளியிட்ட கட்டுரையோ, இரைச்சல் மிக்க இடத்தின் தவளைகள் அதற்கு இசைந்துவிட்டமையைக் காட்டிற்று. இசைவு நலமா, தளர்வா என்பதை ஓர் எண் மட்டும் சொல்லாது. பருவம், பால், வெப்பநிலை, பிடித்த வேளை ஆகியவற்றையும், அவ்வினத்தின் எண்ணிக்கையும் இனப்பெருக்கமும் எவ்வாறு உள்ளன என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி எண் பொருளற்றதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இயல்பான நிலையில் அளவு எவ்வளவு என்னும் அடிப்படைத் தரவு முன்கூட்டியே இருத்தல் வேண்டும். நோய் வந்தபின் முதன்முறை வெப்பமானியை எடுப்பவனுக்குக் காய்ச்சல் எதுவெனத் தெரியாது.

தீவகத்துக்கு இதன் பொருள்

இனிக் கரம்பொனை நோக்குவோம். இத்தீவு ஒரு நூற்றாண்டுக்குள் பல மாற்றங்களைக் கண்டது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர்க்காலத்தில் இதன் மக்கள் மிகப் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். கிணறுகள் இறைப்பாரற்றுக் கிடந்தன. வளவுகளைப் பற்றை மூடிற்று. திரும்பியோர் சிலர்; திரும்பாதோர் பலர். மனிதர் நீங்கிய இடம் விலங்குக்குப் புகலிடமாகும் எனச் சிலர் எண்ணலாம். தூரெடாத குளமும் பேணாத அணையும் தவளைக்கு எப்போதும் நன்மை செய்வன அல்ல. உவரைத் தடுத்து நன்னீரைத் தேக்கியது மனிதரின் உழைப்பே. அவ்வுழைப்பு நின்ற இடத்தில் உவர் மேலேறுமாயின் தவளையும் தன் புகலை இழக்கும்.

நீரின் உப்புக் கடத்துதிறன் உயர்ந்தபோது ஈரூடகவாழிக் குடம்பிகளின் கோட்டிகோசுத்தரோன் உயர்ந்ததென 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையை மீறியுள்ளமை பல ஆய்வுகளாற் புலனாயிற்று. கடல்மட்டம் உயர்ந்துவரும் இந்நூற்றாண்டில், தாழ்நிலத் தீவொன்றின் நன்னீர் எங்ஙனம் மாறுகின்றதென்பதை உப்புமானி ஒருவகையிற் சொல்லும். அந்நீரில் வாழும் உயிரின் உடல் மற்றொருவகையிற் சொல்லும். தேரையும் வயற்றவளையும் அருகிய இனங்கள் அல்ல. ஆதலாற்றான் அவை இதற்கு ஏற்றவை. பொதுவான இனத்தில் அடிப்படைத் தரவைப் பெறுவது எளிது. அதனாற் கேடும் இல்லை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதன்று. மாரி தொடங்கும் ஐப்பசியிலும் நீர் வற்றும் மாசி, பங்குனியிலும், உவர் ஏறிய நீர்நிலை ஒன்றிலும் ஏறாத நீர்நிலை ஒன்றிலும், ஆண்டுதோறும் ஒரே வேளையில் தவளைகளின் சிறுநீர் மாதிரியைச் சேர்த்து, நீரின் உப்பையும் வெப்பத்தையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும். நொதிய முறையில் அளவிடும் வசதி நம் பல்கலைக்கழகங்களுக்கு எட்டாததன்று. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தோன்றியபோது, நம் மண்ணை நம் மாணவரே ஆராய்வர் என்னும் நம்பிக்கை நிலவியது. அந்நம்பிக்கைக்கு இஃதோர் ஏற்ற பணியாகும்.

மொழியும் இதற்குத் தடையாகாது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், மானிப்பாயிலிருந்து மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்றொழிலியலைத் தமிழில் எழுதுவித்துத் தமிழிலேயே கற்பித்தார். அன்று மனித உடலுக்குச் செய்ததை இன்று நம்மோடு நீரைப் பகிர்ந்து வாழும் உயிர்களுக்கும் செய்தல் இயலும். செல்யேயின் குறிப்பு வெளிவந்து தொண்ணூறு ஆண்டளவாகின்றது. கொக்பென் தவளையைக் கருவியாகக் கொண்டு ஒரு நூற்றாண்டு நெருங்குகின்றது. அவர்கள் விட்டுச்சென்ற அறிவு நம் கையில் உள்ளது. உவர் இன்னும் மேலேறுமுன் கரம்பொன் நீர்நிலைகளின் இயல்பான அளவைக் குறித்துவைப்பதே நாம் முதலிற் செய்யவேண்டியது. பின்வரும் மாணவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஓர் எண்ணாவது இருத்தல் வேண்டும்.